பதினான்காவது ஷரத்து

ஆம்பூர்
9 ஆகஸ்ட் 2025

அண்ணா,

சௌந்தரம் அக்காவிடம் அவள் புருஷனுடைய பிணத்துக்கும் சேர்த்து நீ கையெழுத்து வாங்கியிருக்கிறாய்.

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நீ அனுப்பிய வாடகைப் பத்திரத்தில் பதினான்காவது ஷரத்தை நேற்றுத்தான் படித்தேன். "மேற்படி வீட்டில் மரணம் எதுவும் நேராதபடி வாடகைதாரர் பார்த்துக்கொள்ள வேண்டியது. வெளியிடத்தில் மரணம் நேரிட்டாலும் உடலை மேற்படி வீட்டுக்குள்ளோ காம்பவுண்டுக்குள்ளோ கொண்டுவரக் கூடாது." நேராதபடி எப்படிப் பார்த்துக்கொள்வது? காம்பவுண்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பது மாதிரி மூச்சையும் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டுமா?

அக்கா என் ஷூ கம்பெனியில்தான் தையல் செக்‌ஷனில் இருக்கிறாள், உனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினாள். "ஹெலனு, நீ பி.எஸ்சி. படிச்சவ. இதுல பதினாலுன்னு போட்டிருக்குது பாரு, அதை மட்டும் படி." படித்தேன். கேட்டுவிட்டு டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

கீழே இரண்டு போர்ஷன்களுக்கும் இதே பத்திரம். இந்தப் பக்கம் சௌந்தரம் அக்கா, அந்தப் பக்கம் பக்ருன்னிசா ஆப்பா, அவரும் எனக்கு அக்காதான். மேலே நான். வீட்டு விஷயத்தைப் போனில் பேசாதே, மெயிலில் எழுது, நாளைக்கு ஆதாரம் வேண்டும் என்று சொன்னது நீ. எழுதிவிட்டேன். அந்த ஷரத்தை அடித்துவிட்டுப் புதுப் பத்திரம் அனுப்பு.

அங்கே குளிர் என்றாயே, உடம்பு எப்படி இருக்கிறது?

ஹெலன்


எத்தியோப்பியா
12 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை ஹெலனுக்கு அண்ணன் இன்பராஜ் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உன் சுகத்துக்காக விடியற்காலையில் முழங்கால் போடுகிறேன். மூக்கடைப்பு குறைந்ததா? பசை ஒட்டுகிற மேஜைப் பக்கம் ரொம்ப நிற்காதே.

உன் கோபம் புரிகிறது. ஆனால் நீ வீடு வாடகைக்கு விடுவதற்குப் புதிது, நானும் புதிது. அதனால்தான் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து இதைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். புதிதாக வீடு விடுகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாது. பத்திரம் பதினோரு மாதத்துக்கு மேல் போடக் கூடாது. சாவி கொடுக்கும் முன்பு ஒவ்வொரு குழாயையும் சுவரையும் தேதியோடு போட்டோ எடுக்க வேண்டும். கரண்டுக்குத் தனி மீட்டர். முந்தைய வீட்டை ஏன் காலி செய்தார்கள் என்று அவர்களிடம் கேட்காதே, அந்த ஓனரிடம் கேள். முகத்தைப் பார்த்து இரங்காதே, ஆதாரைப் பார்.

அந்த ஷரத்தை நான் எழுதவில்லை. பத்திரம் எழுதுபவர் எல்லோருக்கும் போடுவது. நமக்குத் தீட்டு கிடையாது. நாம் உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள். ஆனால் அடுத்து வீடு பார்க்க வருபவன் வாசலில் நின்று முதலில் கேட்பது, இங்கே யாராவது செத்திருக்கிறார்களா என்றுதான். இந்து கேட்கிறான், துலுக்கன் கேட்கிறான், நம் சபை ஆளும் கேட்கிறான். நான் என்ன செய்ய? நான் நம்பாததை அவன் நம்புகிறான், நஷ்டம் எனக்கு.

இந்த வீடு உனக்காகக் கட்டியது. உன் கல்யாணத்துக்கு இதுதான் பலம். அதை மறக்காதே.

கீழ் போர்ஷன்கள் இரண்டையும் உள்ளே வெளியே போட்டோ எடுத்து அனுப்பு. கொடியில் துணி தொங்காமல் பார்த்துக்கொள். கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

இன்பராஜ்


ஆம்பூர்
24 ஆகஸ்ட் 2025

அண்ணா,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

போட்டோக்களை இத்தோடு அனுப்பியிருக்கிறேன். எதற்கு என்று நீ சொல்லவில்லை. துணியை எடுக்கச் சொன்னதும் பக்ருன்னிசா ஆப்பா, "ஏம்மா, ஓனர் நம்ம வீட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றாரா?" என்று கேட்டுச் சிரித்தார். பீடி சுற்றிக்கொண்டிருந்த முறத்தையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். இப்போது அவர் வீடு யாருமே குடியிருக்காத வீடு மாதிரி இருக்கிறது. உனக்குப் பிடிக்கும்.

நேற்று சௌந்தரம் அக்கா வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன். வேண்டுமென்றேதான் உட்கார்ந்தேன்.

சின்ன வயதில் நாம் எத்தனை வீடு மாறினோம் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்பா தோல் ஷாப்பிலிருந்து வந்த சட்டையை மாடியில் காயப்போடக் கூடாது, வாடை வருகிறது என்று சொன்ன ஓனர்களெல்லாம் உன் வீடியோவில் வருகிறார்களா?

ஷரத்தைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. அது யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. அடி என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெலன்


எத்தியோப்பியா
27 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். சுகமறிய ஆவல்.

நான்காவது போட்டோவில் ஜன்னல் பக்கம் கட்டிலுக்குப் பின்னால் போர்வை போட்டு மூடிய உயரமான சாமான் ஒன்று நிற்கிறது. போர்வைக்குக் கீழே சக்கரம் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அது ஆக்சிஜன் சிலிண்டர்.

யாருக்கு? எத்தனை நாளாக? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

உடனே எழுது.

இன்பராஜ்


ஆம்பூர்
20 செப்டம்பர் 2025

அண்ணா,

நலமா? நீ உடனே என்று எழுதியதால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

சிலிண்டர் காசி அண்ணனுக்கு. சௌந்தரம் அக்காவின் புருஷன். நீ லீவில் வந்தபோது வாட்டர் டேங்கின் மேல் ஏறி ஓட்டையை அடைத்துக் கொடுத்தாரே, அவர்தான். இருபது வருஷம் பஃபிங் மிஷினில் நின்றவர். தோலைத் தேய்க்கும்போது பறக்கிற தூசி முழுக்க நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தாராம். கம்பெனி கொடுத்த பாதுகாப்பு அந்தத் துணிதான், அதுவும் அக்காவின் பழைய புடவையில் கிழித்தது. நீ அங்கே தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த மிஷின் முன்னால் எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறாய், அவர்கள் முகத்தில் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் எழுது.

வேலூரில் டாக்டர்கள் பார்த்துவிட்டு, இனி இங்கே செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு என்று சொன்னது இந்த வீட்டைத்தான். அக்காவுக்கு வேறு வீடு கிடையாது. சொந்த ஊருக்குப் போகட்டும் என்று எழுதிவிடாதே. இரண்டு பேரும் பிறந்ததே ஆம்பூரில், வாடகை வீட்டில்.

காசி அண்ணன் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு கூட்ஸ் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு வாக்கியம் பேச மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் வாய் அடங்கவில்லை. "ஹெலனு, உங்க அண்ணனுக்கு எழுதிப் போடு. காசி எதுலயும் லேட்டு பண்ண மாட்டான், இதையும் சீக்கிரம் முடிச்சிடறான்னு எழுது." அக்கா கரண்டியால் அவர் காலில் ஒன்று வைத்தாள். அப்புறம் அவர் சிரிப்பில்லாமல் சொன்னார்: "ஆஸ்பத்திரி வேணாம்மா. அங்க வரிசையில போட்டுடுவான். என் ஜன்னலாண்டயே போய்டறேன். அப்புறம் நடுவீட்ல ஒரு மணி நேரம் கெடத்திட்டு, எம்பொண்ணு வந்து பாத்ததும் தூக்கிடுங்க. ஜாஸ்தி நேரம் வேணாம்."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பதில் எழுது.

ஹெலன்


எத்தியோப்பியா
22 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை ஹெலனுக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். காசியின் நிலைமை படித்து மனம் கலங்கியது. அவருக்காக ஜெபத்தில் தரித்திருக்கிறேன்.

ஆனால் இதில் நாம் நிதானமாக நடக்க வேண்டும். கரண்டை நிறுத்துவது, தண்ணீரை அடைப்பது போன்ற எதையும் செய்துவிடாதே. அது சட்டப்படி குற்றம், பெயரும் கெட்டுவிடும். அன்பாகப் பேசு. அன்பாகப் பேசினால் பாதிப் பேர் தாங்களாகவே காலி செய்துவிடுவார்கள். என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது, மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்க இடம் வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல். கல்யாணம் என்றால் யாரும் மனம் நோகமாட்டார்கள். அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வெள்ளையடிக்கிற செலவைக்கூட அதில் பிடிக்க வேண்டாம். இதைவிட ஓர் ஓனர் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. வீட்டு வரி ரசீதையும் வில்லங்கச் சான்றையும் ஸ்கேன் செய்து அனுப்பு. பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இன்பராஜ்


ஆம்பூர்
19 அக்டோபர் 2025

அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய்.

இன்று சர்ச் முடிந்து வந்தால் வாசலில் கார் நிற்கிறது. புரோக்கர் ஜியாவுல்லா பாய் டேப்பைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டு சுவரை அளக்கிறார். வெள்ளை ஷூ போட்ட பெங்களூர் பார்ட்டி ஒருத்தர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.

"இன்னா பாய், யார் வூட்டை அளக்குறீங்க?"

"உங்க அண்ணன் வூட்டைத்தாம்மா. ஏன், உனக்குச் சொல்லல?" என் முகத்தைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டினார். "அடடா. அப்போ நான் சொல்லல, நீ கேக்கல."

"வூட்டை விக்கிறாரா?"

"அண்ணன் தங்கச்சி பேஜார்ல என்னை இழுக்காதம்மா. நான் புரோக்கர். பாவம் புண்ணியமெல்லாம் ஓனர் டிபார்ட்மெண்ட்."

ஆக, போட்டோ அதற்கு. வில்லங்கச் சான்று அதற்கு. எனக்காகக் கட்டிய வீட்டை என்னிடம் சொல்லாமல் விற்கிறாய்.

அதைவிட மோசம் பிறகு நடந்தது. பார்ட்டி சௌந்தரம் அக்கா வீட்டுக்குள் போனார். அக்கா சிலிண்டர் முன்னால் புடவையை விரித்துக்கொண்டு நின்றாள். காசி அண்ணன் போர்வைக்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "யாரு?" "வீட்டுக்காரருங்க சார். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்குறாரு." பார்ட்டி மேலே ஃபேனைப் பார்த்தார், கீழே தரையைப் பார்த்தார், அக்காவிடமே கேட்டார்: "இங்க டெத் எதுவும் ஆகலையேம்மா?"

"இல்லீங்க சார். எல்லாரும் நல்லா இருக்கோம்."

அவர் கார் ஏறுகிற வரைக்கும் காசி அண்ணன் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு இருமலை அடக்கியிருக்கிறார். போர்வையை விலக்கியபோது உதடு நீலமாக இருந்தது. நம் வீட்டுக்கு விலை ஏற வேண்டும் என்பதற்காக அந்த மனுஷன் மூச்சை நிறுத்தி வைத்திருந்தார், அண்ணா.

உன் கல்யாணப் பொய்யை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். விற்கிறாயா இல்லையா? ஒரு வரியில் எழுது.

ஹெலன்


எத்தியோப்பியா
2 நவம்பர் 2025

அன்புத் தங்கை ஹெலனுக்கு,

சுகம் என்று எழுத மனம் வரவில்லை. இருந்தாலும் கர்த்தர் நடத்துகிறார்.

இந்தக் கம்பெனி மூடப்போகிறது. இரண்டு மாதமாகச் சாப்பாடு மட்டும் போடுகிறார்கள். ஜனவரியில் நான் திரும்பி வர வேண்டியிருக்கும். வீட்டுக்கு வாங்கிய கடன் பேங்கில் நிற்கிறது. நீ கவலைப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை.

பார்ட்டி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். நவம்பர் கடைசியில் பதிவு. அதுவரை அந்த வீட்டில் எந்த அசம்பாவிதமும் நடக்கக் கூடாது. அவர் ஜியாவுல்லாவிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். அவர் வயதான தாயார் வந்து இருக்கப்போகிறார்களாம், அதனால் பயப்படுகிறார். காசிக்கு ரொம்ப முடியவில்லை என்றால் முன்கூட்டியே ஏதாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொல். ஆட்டோ செலவை நான் கொடுத்துவிடுகிறேன். இதை நான் கல் மனதோடு சொல்லவில்லை.

உனக்கு ஒரு நல்ல லேடீஸ் ஹாஸ்டல் பார்க்கும்படி போதகரிடம் சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள், பாதுகாப்பான இடம்.

ஜெபத்தோடு,
இன்பராஜ்


ஆம்பூர்
21 நவம்பர் 2025, மதியம்

அண்ணா,

காசி அண்ணன் இறந்துவிட்டார். ஆட்டோவில் கொண்டுபோகும்போது வழியில் உயிர் போய்விட்டது. கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று நர்சிங் ஹோமில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

உன் வீட்டில் சாகவில்லை. உன் ஷரத்தில் முதல் பாதியை அவர் காப்பாற்றிவிட்டார். இரண்டாவது பாதியை நீ விட்டுக்கொடு. கணியம்பாடியில் கட்டிக்கொடுத்த மகள் தேவகி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். நடுவீட்டில் கிடத்திக் குளிப்பாட்டி, அவள் பார்த்ததும் தூக்கிவிடுவோம். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும்.

சரி என்று மட்டும் எழுது.

ஹெலன்


எத்தியோப்பியா
21 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

செய்தி கேட்டு மிகுந்த வேதனை. அந்தச் சகோதரிக்குக் கர்த்தர் ஆறுதல் தருவாராக. நீ சாப்பிட்டாயா?

வழியிலேயே நடந்தது ஒரு விதத்தில் தேவ சித்தம். யாருக்கும் சங்கடம் இல்லை. இப்போது உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பந்தல் போடுவார்கள், மேளம் அடிப்பார்கள், தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி தாயாரை அழைத்துக்கொண்டு வருகிறார். தயவுசெய்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகச் சொல். மகள் அங்கேயே வந்து பார்க்கலாம். வண்டிச் செலவு, பூமாலைச் செலவு எல்லாம் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நீ மறுத்துப் பேச முடியாமல் தவிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் ஜியாவுல்லாவிடம் சொல்லி கேட்டுக்குப் புதுப் பூட்டு போடச் சொல்லியிருக்கிறேன். பழி என் மேல் இருக்கட்டும். உன் மேல் வேண்டாம்.

இன்பராஜ்


ஆம்பூர்
21 நவம்பர் 2025, மாலை 4.30

அண்ணா,

பூட்டிய கேட்டுக்கு வெளியே, காசி அண்ணனை ஏற்றி வந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் டைப் செய்கிறேன். கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. சாப்பிடவில்லை, கேட்டாயே.

மதியம் நான் எழுதியது பொய். காசி அண்ணன் வழியில் சாகவில்லை. உன் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில், சௌந்தரம் அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது செத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கஞ்சி உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. அக்கா அதைத் துடைத்துவிட்டு அழவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "பதினாலு" என்றாள். "ஹெலனு, ஆட்டோ கூப்பிடு."

வேண்டாம் என்று சொன்னேன். "நீ அவங்க தங்கச்சி, உனக்கு ஒண்ணும் ஆவாது. நாளைக்கு நான் வேற வூடு தேடணும். ஓனர் பேச்சை மீறி பொணத்தைப் போட்டவன்னு பேர் வந்துச்சுன்னா இந்த ஊர்ல எனக்கு எவன் வூடு குடுப்பான்?" ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

சட்டை மாட்டினோம். குரங்குக் குல்லா போட்டோம். மூக்கிலிருந்த டியூபை எடுக்காமல் சின்ன சிலிண்டரோடு தூக்கினோம். ஒரு பக்கம் பக்ருன்னிசா ஆப்பா, ஒரு பக்கம் நான், நடுவில் அவர். அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவர் தலை என் தோளில் மோதியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். ஆப்பா அவரோடு பேசிக்கொண்டே வந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோ அண்ணா, இதோ வந்துட்டோம்." அக்காவும் திரும்பி, செத்துப்போன புருஷனிடம், "தண்ணி வேணுமாய்யா?" என்று கேட்டாள். அழுதால் டிரைவருக்குத் தெரிந்துவிடும் என்று பைபாஸ் வரைக்கும் யாரும் அழவில்லை.

இது தேவ சித்தம் என்று எழுதினாய். இல்லை. நாங்கள் மூன்று பேரும் செய்தது.

இப்போது நன்றாகக் கேள். அந்த வீட்டில் சாவு விழுந்துவிட்டது. நீ காப்பாற்ற நினைத்தது காலையிலேயே போய்விட்டது. பூட்டு போட்டு எதைக் காப்பாற்றுகிறாய்? இது தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர், நான்காவது நீ. ஆப்பா சொல்லமாட்டார். அக்கா சொல்லமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி கேட்டால், இந்த வீட்டில் யாரும் சாகவில்லை சார் என்று நானே அவர் தாயார் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். உனக்காக இல்லை. இந்த கேட்டுக்காக. என்னிடம் விற்பதற்கு இருப்பது அது ஒன்றுதான், எடுத்துக்கொள்.

திறக்கச் சொல்.

ஹெலன்


21 நவம்பர் 2025, மாலை 5.20

அண்ணா,

வண்டிக்காரர் அடுத்த சவாரி இருக்கிறது என்று ஸ்ட்ரெச்சரை ரோட்டில் இறக்கி வைத்துவிட்டார். தேவகி வந்துவிட்டாள். அப்பாவின் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறாள். பைக்குகள் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகின்றன. ஆப்பா தன் துப்பட்டாவை எடுத்து அவர் கால் மேல் போட்டிருக்கிறார்.

கம்பெனியிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்கள் கல்லை எடுத்துக்கொண்டு பூட்டை உடைக்கப் போனார்கள். சௌந்தரம் அக்கா குறுக்கே நின்று கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிட்டாள். ஜியாவுல்லா பாய் கேட்டுக்கு உள்ளே நிற்கிறார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். "எனக்கும் ஆம்பளப் பசங்க இருக்காங்கம்மா, நாளைக்கு என்னையும் யாராவது தூக்கணும். ஓனர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் திறந்துடறேன்" என்கிறார். சாவி அவர் கையில்தான் இருக்கிறது.

முந்தைய மெயிலை நீ படித்துவிட்டாய் என்று காட்டுகிறது.

இருட்டுகிறது அண்ணா. அவரிடம் சொல். திறக்கச் சொல்.